தோலா, சாம்பலா, நாரா? வீட்டுத் துப்புரவுக்கு எந்தத் தாவரக் கழிவு உதவும்

உரித்த ஆரஞ்சுத் தோலில் ஒரு துண்டை எடுத்து, நிறமுள்ள பக்கம் வெளியே இருக்கும்படி மடித்து, எரிகிற மெழுகுவர்த்திக்கு அருகில் சட்டென்று பிதுக்கிப் பாருங்கள். மெல்லிய சாரல் ஒன்று பீறிட்டுச் சுடரில் பட்டுப் பொறிபொறியாகச் சிதறும். தோலின் நுண்ணிய பைகளில் அடைபட்டிருந்த எண்ணெய் அது. அதில் 90 சதவீதத்துக்கு மேல் லிமோனீன் என்ற ஒரே பொருள்தான். ஒட்டுப் பசையையும் பழைய எண்ணெய்ப் பிசுக்கையும் இளக்கிவிடும் கரைப்பான் அது. இயந்திரப் பாகங்களில் ஏறிய கிரீஸை எடுப்பதற்குக்கூடத் தொழிற்சாலைகளில் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

குப்பைக்குப் போகும் தோலில் இவ்வளவு சரக்கு இருக்கிறதே என்ற வியப்பில்தான் நான் இந்த வேலையில் இறங்கினேன். மூன்று ஆண்டுகளாகத் தோல், சாம்பல், காப்பிச் சக்கை, காய்ந்த ஓடு, நார் என்று கைக்குக் கிடைத்த ஒவ்வொன்றையும் துப்புரவு வேலையில் போட்டுப் பார்த்திருக்கிறேன். சில என் வீட்டில் நிலைத்துவிட்டன. சிலவற்றை யோசித்தே கைவிட்டேன். இதே எண்ணத்தோடு இருப்பவர்கள் எதில் கைவைக்கலாம், எதை விட்டுவிடலாம் என்று முடிவெடுக்க உதவட்டும் என்று அவற்றை அருகருகே வைத்து எழுதுகிறேன்.

முதலில் அழுக்கைப் பாருங்கள்

வீட்டில் என்ன கழிவு சேர்கிறது, அதை வைத்து என்ன செய்யலாம் என்றுதான் பெரும்பாலோர் தொடங்குகிறார்கள். கழுவ வேண்டிய அழுக்கு எது என்று தொடங்கினால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

குழாய் வாயிலும் கெண்டியின் அடியிலும் படியும் வெள்ளைப் பூச்சு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புப் படிவு. அதற்கு அமிலம் வேண்டும். அடுப்பைச் சுற்றிலும் புகைபோக்கியிலும் ஏறும் பிசுக்கு கொழுப்பு. அதற்குக் காரமோ நுரைப்பொருளோ கரைப்பானோ வேண்டும். பாத்திரத்தில் காய்ந்தும் கருகியும் ஒட்டிக்கொண்டதை ஊறவைத்துத் தேய்த்துத்தான் எடுக்க முடியும். ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்குப் பலிக்காது. எண்ணெய்ப் பிசுக்கின் மேல் வினிகரைத் தெளித்துவிட்டு ‘இயற்கைப் பொருள் எதற்கும் உதவாது’ என்று சலித்துக்கொள்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பொருளில் குறை இல்லை, பொருத்தத்தில்தான் குறை.

ஹெர்பெர்ட் சின்னர் என்ற ஜெர்மானிய சலவை வேதியியல் நிபுணர் 1959-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். எந்தத் துப்புரவு வேலையும் நான்கு காரணிகளால் நடக்கிறது: வேதிப்பொருள், வெப்பம், நேரம், உராய்வு. இவற்றில் ஒன்றைக் குறைத்தால் மற்றவற்றைக் கூட்டியாக வேண்டும். தாவரக் கழிவிலிருந்து வீட்டில் செய்துகொள்ளும் எதுவும் வேதிப்பொருள் என்ற அளவில் கடைச் சரக்கைவிட வலு குறைந்ததுதான். அந்தக் குறையை இரவு முழுதும் ஊறவிட்டோ, வெந்நீர் ஊற்றியோ, நாரால் தேய்த்தோ ஈடுகட்ட வேண்டும். இதை ஏற்றுக்கொள்ள மனமிருப்பவர்களுக்கு மட்டுமே இந்த வழி நீடித்து வரும்.

நான் கடைப்பிடிக்கும் அளவுகோல் இன்னொன்றும் உண்டு. கழிவோடு நாம் புதிதாக என்ன சேர்க்கிறோம்? சர்க்கரை, வினிகர், சாராயம், எரிபொருள், தண்ணீர் எல்லாமே வேறெங்கோ விளைந்தோ வடிக்கப்பட்டோ வந்தவை. ஒரு கைப்பிடிக் கழிவைப் பயன்படுத்த அதைவிட மதிப்புள்ள பொருளைச் செலவழித்தால் அந்தச் சிக்கனத்துக்குப் பொருளில்லை.

தோலும் வினிகரும்

எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற பழங்களின் தோலைக் கண்ணாடிப் புட்டியில் நிரப்பி, மூழ்கும் வரை வெள்ளை வினிகர் ஊற்றி, இரண்டு வாரம் கழித்து வடிகட்டி எடுப்பது இன்று வீடுகளில் அதிகம் நடக்கும் முறை. செய்வது எளிது, கெடுவதும் அரிது. தோல் வினிகருக்கு மேலே தலைநீட்டினால் மட்டும் பூசணம் பிடிக்கும்.

குழாய், கெண்டி, குளியலறைக் கண்ணாடி ஆகியவற்றில் இது நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அந்த வேலையைச் செய்வது யார் என்று கேட்க வேண்டும். லிமோனீன் தண்ணீரோடு சேராது. ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 14 மில்லிகிராம்தான் கரையும். வீட்டு வினிகரில் அசெட்டிக் அமிலம் ஏறத்தாழ 5 சதவீதம், மீதி தண்ணீர்தான். ஆகவே தோலின் கரைப்பான் எண்ணெய் மிகச் சொற்பமாகவே புட்டிக்குள் இறங்குகிறது. சுண்ணாம்பைக் கரைப்பது முழுக்க முழுக்க வினிகரின் அமிலம். தோல் தருவது மணம். வினிகரின் நெடி பிடிக்காமல் அதைத் தொடாமலே இருந்தவர்கள் தோல் மணத்தால் அதைப் பயன்படுத்தத் தொடங்குகிறார்கள் என்றால் அதுவும் ஒரு பயன்தான். ஆனால் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் திரவம் கிடைத்துவிட்டது என்று நம்ப வேண்டாம்.

தோல் எண்ணெயின் உண்மையான வலு வேண்டுமென்றால் புதுத் தோலை அப்படியே பயன்படுத்துங்கள். கண்ணாடி ஜாடி ஒன்றில் ஒட்டியிருந்த லேபிளைக் கிழித்த பிறகு, தண்ணீரிலும் சோப்பிலும் அசையாத பசைப் படலம் ஒன்று மிஞ்சியது. அதன் மேல் ஆரஞ்சுத் தோலின் நிறமுள்ள பக்கத்தை அழுத்தித் தேய்த்துவிட்டுப் பத்து நிமிடம் விட்டேன். பசை இளகி, விரலால் தள்ளினாலே திரிதிரியாக உருண்டு வந்தது. பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பிலும் அடுப்புக் குமிழ்களிலும் இதே முறையில் தேய்த்து, பிறகு சோப்பு நீரால் துடைத்துவிடுகிறேன். இதற்குப் புட்டியும் வேண்டாம், இரண்டு வாரக் காத்திருப்பும் வேண்டாம்.

எச்சரிக்கைகளையும் சொல்லியாக வேண்டும். அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கிறது என்றால் சலவைக்கல்லையும் சுண்ணாம்புக்கல்லையும்கூடக் கரைக்கத்தான் செய்யும். பளிங்குத் தளத்தில் ஒரு முறை வினிகர் பட்டாலே மெருகு போய் மங்கிய வட்டம் விழுந்துவிடும். குளோரின் பிளீச்சோடு எந்த அமிலமும் சேரக் கூடாது. சேர்ந்தால் நச்சுக் குளோரின் வாயு வெளிவரும். லிமோனீன் சில பிளாஸ்டிக்குகளை, குறிப்பாகப் பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். காற்றுபட்டுப் பழசான லிமோனீன் நம் சருமத்தில் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் குறிப்பிட்ட அளவுக்கு மேல் அது இருந்தால் லேபிளில் பெயர் சொல்லி அச்சிட வேண்டும் என்று விதித்திருக்கிறது. பூனை வளர்ப்பவர்கள் கூடுதல் கவனத்தோடு இருப்பது நல்லது. இந்த எண்ணெய் அவற்றுக்கு ஆகாது.

வினிகரில் சமையல் சோடாவைக் கலந்து பொங்கவிடும் பழக்கத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பொங்குவது பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்கின்றன. பொங்கி அடங்கிய பின் மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர். தனித்தனியே பயன்படுத்தினால் இரண்டும் உழைக்கும்.

மூன்று மாத நொதிநீர்

மூன்று பங்கு பழத்தோல், ஒரு பங்கு சர்க்கரை அல்லது வெல்லம், பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து மூன்று மாதம் புளிக்கவைக்கும் முறை உலகெங்கும் பரவியிருக்கிறது. இதில் ஈடுபாடு கொண்டவர்களின் உழைப்பையும் கழிவைக் குப்பையில் எறியக் கூடாது என்ற அவர்களின் அக்கறையையும் நான் மதிக்கிறேன். இருந்தும் நான் இதை விட்டுவிட்டேன்.

முதல் காரணம் சர்க்கரை. 300 கிராம் தோலுக்கு 100 கிராம் சர்க்கரை என்றால், நிலமும் நீரும் எரிபொருளும் செலவழித்து உண்டாக்கிய உணவுப் பொருளைக் கழிவுக்குத் தீனியாகப் போடுகிறோம். அடுத்தது, கிடைப்பது என்ன என்பது. நுண்ணுயிர்கள் சர்க்கரையை முதலில் சாராயமாகவும் பிறகு பெரும்பாலும் அமிலமாகவும் மாற்றுகின்றன. கடைசியில் கையில் இருப்பது நீர்த்த புளித்த திரவம், அதாவது வலு குறைந்த வினிகர். ஒவ்வொரு முறையும் அதன் வலு மாறும். நொதிகள் எல்லா அழுக்கையும் செரித்துவிடும் என்று சொல்லப்படுவதை என் அடுப்பு மேடை ஒருநாளும் மெய்ப்பிக்கவில்லை. சரியாகப் புளிக்காமல் சர்க்கரை மிஞ்சிவிட்டால் துடைத்த தரை பிசுபிசுத்து எறும்புகளை அழைக்கும்.

முதல் மாதத்தில் வாயு மிகுதியாக வரும். தினமும் மூடியைத் தளர்த்த வேண்டும். ஊருக்குப் போய் நான்கு நாள் கழித்துத் திரும்பியபோது என் பிளாஸ்டிக் புட்டியின் அடி உருண்டு வீங்கி, நிற்க முடியாமல் சாய்ந்து கிடந்தது. கண்ணாடிப் புட்டியாக இருந்திருந்தால் வெடித்திருக்கும். செய்தே தீருவேன் என்பவர்கள் கண்ணாடியைத் தவிர்த்து, கால் பங்கு இடத்தைக் காலியாக விட்டு நிரப்புங்கள்.

சாம்பல்

கொழுப்பைக் கரைக்கும் காரத்தைத் தாவரத்திலிருந்தே எடுக்க முடியுமா என்று கேட்டால், மனிதர்கள் சோப்பு செய்யக் கற்றதே அதை வைத்துத்தான். விறகு எரிந்த சாம்பலில் தண்ணீரில் கரையும் பகுதி பெரும்பாலும் பொட்டாசியம் கார்பனேட். அதைச் சட்டியில் காய்ச்சி எடுத்ததால் ஆங்கிலத்தில் ‘பாட்டாஷ்’ என்று பெயர் வந்தது. 1807-இல் ஹம்ப்ரி டேவி பிரித்தெடுத்த தனிமத்துக்குப் ‘பொட்டாசியம்’ என்ற பெயர் அதிலிருந்துதான் பிறந்தது. காரத்தைக் குறிக்கும் ‘ஆல்கலி’ என்ற சொல்லும் தாவரச் சாம்பலைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வழிவந்தது. அமெரிக்காவில் வழங்கப்பட்ட முதல் காப்புரிமை எதற்குத் தெரியுமா? 1790 ஜூலை 31 அன்று சாமுவேல் ஹாப்கின்ஸ் என்பவருக்கு, சாம்பலிலிருந்து அந்தப் பாட்டாஷை எடுக்கும் முறைக்காக. ஒரு காலத்தில் சாம்பல் அவ்வளவு பெரிய சரக்கு.

செய்முறையில் கடினம் ஏதுமில்லை. வெள்ளையாக வெந்த விறகுச் சாம்பலைச் சலித்துக் கரித்துண்டுகளை நீக்கி, ஒரு பங்கு சாம்பலுக்கு மூன்று நான்கு பங்கு வெந்நீர் ஊற்றிக் கலக்கி, ஒரு இரவு அசைக்காமல் வைத்தால் அடியில் வண்டல் தங்கும். மேலே நிற்கும் தெளிநீரைத் துணியில் வடித்துக்கொள்ளலாம். வெளிறிய தேநீர் நிறத்தில் இருக்கும். ஒரு சொட்டு விரலில் பட்டால் வழவழவென்று வழுக்கும். தோலில் உள்ள எண்ணெயை அது அப்போதே சோப்பாக்கிக்கொண்டிருக்கிறது என்பதுதான் அந்த வழுக்கலுக்குப் பொருள். ஆகவே கையுறை இல்லாமல் இதைத் தொடக் கூடாது, கண்ணில் படவே கூடாது.

அடிபிடித்துக் கருகிய எவர்சில்வர் பாத்திரம் ஒன்றில் இந்தத் தெளிநீரை ஊற்றி மெல்லச் சூடாக்கி இரவு முழுதும் விட்டேன். காலையில் நீர் கருங்காப்பி நிறத்துக்கு மாறியிருந்தது. அடியில் இருந்த கரிப்படலம் ஓரங்களில் சுருண்டு எழும்பியிருந்தது. மரக்கரண்டியால் தள்ளியபோது உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஏடாகப் பெயர்ந்து வந்தது. வினிகரில் இரண்டு முறை ஊறவைத்தும் அசையாத கறை அது. புகைபோக்கியின் கம்பி வலையையும் இப்போது இதில்தான் ஊறவைக்கிறேன்.

அந்த வெற்றியின் வேகத்தில் ஒரு அலுமினிய மூடியையும் அதே நீரில் போட்டது பெரும் பிழை. சிறிது நேரத்தில் அதன் மேல் நுண்குமிழிகள் எழுந்தன. எடுத்துப் பார்த்தபோது பளபளப்பு போய்ச் சாம்பல் நிறத் திட்டுகள் விழுந்திருந்தன. அலுமினியத்தைக் காக்கும் மெல்லிய ஆக்சைடு படலத்தைக் காரம் கரைத்துவிடுகிறது. பிறகு உலோகத்தையே அரிக்கிறது. அந்த மூடி பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. கம்பளி, பட்டு போன்ற புரத இழைத் துணிகளுக்கும் சாம்பல் நீர் ஆகாது.

இனி முக்கியமான கேள்வி. சாம்பல் யாருக்கு? ஏற்கனவே விறகு எரிப்பவர்களுக்கு மட்டும். உலர்ந்த மரத்தை எரித்தால் அதன் எடையில் ஒரு சதவீத அளவுக்குத்தான் சாம்பல் கிடைக்கும். ஒரு கைப்பிடிச் சாம்பலுக்காகக் கிலோக் கணக்கில் விறகை எரித்துப் புகையைக் காற்றில் கலப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. விறகு எரிக்காதவர்களுக்குச் சலவைச் சோடா போதும். அது சோடியம் கார்பனேட், சாம்பல் நீருக்கு நெருங்கிய உறவு, வலுவும் ஒரே சீராக இருக்கும். சாயமடித்த மரம், பூச்சிமருந்து ஏற்றிய மரம், ஒட்டுப்பலகை, நிலக்கரி ஆகியவற்றின் சாம்பலை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தாதீர்கள். பழைய பதனிட்ட மரங்களில் ஆர்சனிக் என்ற நஞ்சுகூட இருக்கக்கூடும். எரித்தாலும் அதில் பெரும்பகுதி சாம்பலிலேயே தங்கிவிடும்.

நுரை தரும் ஓடுகள்

பூந்திக்கொட்டையின் ஓட்டை வெந்நீரில் ஊறவைத்துப் பிசைந்தால் நுரைக்கும். அதிலுள்ள சப்போனின் இயற்கையான நுரைப்பொருள். மென்மையான துணிகளுக்கு இது மிகவும் ஏற்றது. ஆனால் இதைக் கழிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. துவைப்பதற்கென்றே பறித்து, உலர்த்தி, விற்கப்படும் பொருள் அது. உண்மையான கழிவிலிருந்து சப்போனின் கிடைப்பதென்றால் கினோவா தானியத்தைச் சொல்லலாம். அதன் கசப்பான மேலுறையைச் சாப்பிடுவதற்கு முன் நீக்கியாக வேண்டும், அந்த உறையில் சப்போனின் நிறைய உண்டு. உதிர்ந்து கிடக்கும் குதிரைக் கஷ்கொட்டை விதைகளிலும் அது இருக்கிறது.

ஊறிய நீர் சில நாட்களில் நாறிவிடும், அவ்வப்போது புதிதாகச் செய்ய வேண்டும். கனத்த பிசுக்குக்கு இதன் வலு போதாது. சப்போனின் மீன்களுக்கு நஞ்சு என்பதால் மீதி நீரைக் குளத்திலோ ஓடையிலோ கொட்டக் கூடாது. தாவரத்திலிருந்து வந்தது என்பதாலேயே ஒன்று தீங்கற்றது ஆகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டாம்.

நாரும் தூளும்

எல்லோரும் திரவத்தைத் தேடிப் போகிறார்கள். தாவரக் கழிவு அதிக வலுவோடு வேலை செய்வது நாராக இருக்கும்போதுதான் என்பது என் உறுதியான கருத்து. சின்னர் சொன்ன நான்கில் உராய்வு இதன் பங்கு. முற்றிக் காய்ந்த பீர்க்கங்கூடு, தேங்காய் நார், மக்காச்சோளச் சக்கை எதுவானாலும் புளிக்கவைக்க வேண்டாம், வடிகட்ட வேண்டாம், வேறு எதையும் சேர்க்க வேண்டாம். செயற்கை ஸ்பஞ்சு தேயத் தேய நுண்ணிய பிளாஸ்டிக் துகளாக உதிர்ந்து கழிவுநீரில் கலக்கிறது. நார் உதிர்ந்தால் மக்கும்.

பீர்க்கங்கூட்டைக் குறுக்கே அறுத்தால் வலைப்பின்னலான நார்களுக்கு நடுவே மூன்று துளைகள் தெரியும். உலர்ந்திருக்கும்போது கட்டைபோல இருக்கும் அது, தண்ணீரில் நனைந்த அரை நிமிடத்தில் இளகி விரல்களுக்குள் படிந்துகொள்ளும். கண்ணாடி, பீங்கான், எவர்சில்வர் எதிலும் கீறல் விழுவதில்லை. தேங்காய் நார் அதைவிடக் கடுமையானது. இரும்புச் சட்டிக்கும் மண்பாத்திரத்துக்கும் ஏற்றது, ஒட்டாப் பூச்சுப் பாத்திரத்துக்கு வேண்டாம். இவற்றுக்கு உள்ள ஒரே நிபந்தனை, பயன்படுத்திய பின் நன்றாக உதறித் தொங்கவிட்டு உலர்த்த வேண்டும். ஈரமாகவே கிடந்தால் எந்த நாரும் கிருமிக்கூடாகும். வாரம் ஒரு முறை கொதிநீரில் போட்டு எடுங்கள், இரண்டு மாதத்தில் உரக்குழியில் சேர்த்துவிடுங்கள்.

தூள்களில் வால்நட் ஓட்டுத் தூள் நல்லது. தொழில்துறையில் மென்மையான உலோகங்களைத் துப்புரவாக்க அதை நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்கா 2015-இல் பிளாஸ்டிக் நுண்மணிகளுக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தபோது உடல்தேய்ப்புப் பொருட்களில் அவற்றுக்கு மாற்றாகப் பேசப்பட்டவற்றில் இதுவும் ஒன்று. கொட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் வீட்டில் மட்டும் தவிர்க்க வேண்டும்.

காப்பிச் சக்கையைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். இரும்புச் சட்டியைத் தேய்க்கவும் கையில் ஏறிய பூண்டு, வெங்காய வாடையைப் போக்கவும் சரிதான். வெளிர் நிறத் தரை ஓடுகளுக்கு இடையிலுள்ள சாந்தில் மட்டும் தேய்த்துவிடாதீர்கள். பழுப்பு இறங்கிவிடும், பிறகு அதை எடுப்பது தனி வேலை. வடிகாலில் விட்டால் எண்ணெயோடு சேர்ந்து அடைத்துக்கொள்ளும். வாழைப்பழத் தோலால் தேய்த்தால் பொருள்கள் மின்னும் என்பதில் மின்னவைப்பது தேய்ப்பு, தோல் விட்டுச்செல்வது இனிப்புப் படலம். அதற்கு ஒரு உலர்ந்த துணியே போதும்.

ஆலையில் செய்ததை வாங்கினால்

வீட்டில் செய்ததே உயர்ந்தது என்று நினைக்க வேண்டியதில்லை. தாவரக் கழிவை வீணாக்காமல் பயன்படுத்துவதில் ஆலைகள் நம்மை எப்போதோ முந்திவிட்டன. பழச்சாறு பிழியும் ஆலைகளில் ஆரஞ்சின் எடையில் ஏறத்தாழ பாதி தோலும் சக்கையுமாக மிஞ்சுகிறது. சந்தையில் கிடைக்கும் லிமோனீன் அந்தத் தோலிலிருந்து வடித்ததுதான். நெல் உமி எரிந்த சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. சலவைத்தூளில் சேரும் சோடியம் சிலிக்கேட்டை அதிலிருந்து செய்ய முடியும். உமிச்சாம்பலை வீட்டில் தூளாக்கித் தேய்க்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: அதிக வெப்பத்தில் எரிந்த உமிச்சாம்பலில் சிலிக்கா படிகமாகிவிடும், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

இவை எல்லாவற்றையும்விட என் மனம் கவர்ந்தது சிட்ரிக் அமிலம். 1784-இல் ஷீலே என்ற வேதியியலாளர் அதை எலுமிச்சைச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்தார். பிறகு நூறாண்டுக்கு மேல் அதற்காக எலுமிச்சைகளைப் பிழிந்துகொண்டிருந்தார்கள். 1917-இல் ஜேம்ஸ் கரி என்பவர் ஒரு கரும்பூஞ்சை சர்க்கரையைச் சிட்ரிக் அமிலமாக மாற்றுவதைச் சீராகச் செய்து காட்டினார். அடுத்த சில ஆண்டுகளில் ஆலை உற்பத்தி தொடங்கியது. இன்று சர்க்கரை ஆலைகளின் கழிவுப்பாகும் மக்காச்சோள மாவுச்சத்தும் அந்தப் பூஞ்சைக்குத் தீனி. ஆக, கடையில் வாங்கும் அந்த வெள்ளைத் தூளுக்குள்ளேயே தாவரக் கழிவு இருக்கக்கூடும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு மேசைக்கரண்டி கரைத்தால் சுண்ணாம்புப் படிவுக்கு வினிகரைவிடச் சிறப்பாக வேலை செய்கிறது, நெடியும் இல்லை. கொதிக்கவைக்க மட்டும் வேண்டாம். சூடு ஏறினால் கால்சியம் சிட்ரேட் கரையாமல் அடியில் படிந்துவிடும். தூளாக இருப்பதால் தண்ணீரைச் சுமந்து வரும் லாரிச் செலவும் பிளாஸ்டிக் புட்டியும் மிச்சம்.

‘தாவரப் பொருளால் ஆனது’ என்ற லேபிளைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். எண்ணெய் எந்த நிலத்திலிருந்து வந்தது என்பதையோ கழுவிவிட்ட பின் ஆற்றில் எவ்வளவு விரைவாகச் சிதையும் என்பதையோ அந்தச் சொல் சொல்லாது. 1950-களில் ஆறுகளில் நுரை மலைமலையாக மிதந்ததற்குக் காரணம் அன்றைய சலவைத்தூளில் இருந்த கிளை மூலக்கூறுகள் எளிதில் சிதையாததுதான். 1960-களில் நேர்ச்சங்கிலி மூலக்கூறுகளுக்கு மாறியதும் அந்த நுரை அடங்கியது. இரண்டுமே பெட்ரோலியத்திலிருந்து வந்தவை. சிதையும் தன்மையைத் தீர்மானித்தது மூலக்கூறின் வடிவம். ஆகவே லேபிளில் நுரைப்பொருளின் பெயரையும் மக்கும் தன்மைக்கான சான்றையும் தேடுங்கள். சர்க்கரையும் கொழுப்பு ஆல்கஹாலும் சேர்ந்து உருவாகும் ஆல்கைல் பாலிகுளுக்கோசைடு வகை நுரைப்பொருள் நன்றாக மக்கும், கைக்கும் மென்மையானது. பாத்திரம் கழுவும் திரவமாக நான் வாங்குவது அதுதான்.

என் தேர்வு

நோயாளி இருக்கும் அறை, பச்சை இறைச்சி வெட்டிய பலகை போன்ற இடங்களில் கிருமிநீக்கம் தேவைப்பட்டால் மேலே சொன்ன எதையும் நம்ப வேண்டாம். முதலில் சோப்பு நீரால் கழுவி, பிறகு அதற்கென்றே சோதிக்கப்பட்ட கிருமிநாசினியைப் பயன்படுத்துங்கள். தோல் ஊறிய வினிகர் அந்த இடத்தை நிரப்பாது.

மற்றபடி, புதிதாகத் தொடங்குபவர் இன்றே செய்ய வேண்டியது ஸ்பஞ்சை மாற்றி நாருக்கு வருவது. இதில் இழப்பு ஏதுமில்லை, கற்றுக்கொள்ள வேண்டியதும் ஏதுமில்லை. உப்பு நீர் வரும் வீடுகளுக்குச் சிட்ரிக் அமிலத் தூள். வினிகர் ஏற்கனவே வீட்டில் இருந்தால் அதில் தோலைப் போட்டு மணமாக்கிக்கொள்ளலாம், அதற்கென்று புட்டி புட்டியாக வாங்க வேண்டாம். விறகடுப்போ கணப்போ உள்ளவர்களுக்குச் சாம்பல் நீரைப் போலப் பிசுக்கெடுப்பான் வேறில்லை. அலுமினியத்தை மட்டும் தள்ளி வையுங்கள். குழந்தைகள் ஓடியாடும் வீடானால் சாம்பல் நீரைச் செய்த அன்றே பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள், தண்ணீர்ப் புட்டியில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். துணி துவைப்பதில் இயற்கை வழியைத் தேடுபவர்கள் நுரைப்பொருளை மாற்றுவதற்கு முன் வெந்நீரை நிறுத்திப் பார்க்கலாம். வெந்நீரில் துவைக்கும் இயந்திரம் எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தில் பெரும்பகுதி தண்ணீரைச் சூடாக்கவே போகிறது.

எல்லாத் தோலையும் துப்புரவுப் பொருளாக்கியே தீர வேண்டும் என்பதும் இல்லை. 1990-களின் பிற்பகுதியில் கோஸ்டா ரிகாவில் ஒரு பழச்சாறு நிறுவனத்தின் 12,000 டன் ஆரஞ்சுத் தோலும் சக்கையும் பாழ்பட்ட மேய்ச்சல் நிலம் ஒன்றில் கொட்டப்பட்டன. பதினாறு ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது, தோல் கொட்டிய பகுதியில் மண் வளமேறி, பக்கத்துத் தரிசைவிட மிக அடர்த்தியாகக் காடு எழுந்திருந்தது. அதைப் படித்த பிறகு என் வீட்டுத் தோல்களின் பாதை மாறிவிட்டது. உரித்த கையோடு தொட்டி விளிம்பிலும் அடுப்புக் குமிழிலும் ஒரு முறை தேய்க்கிறேன். எண்ணெய் போன தோலைச் சிறு துண்டுகளாகக் கிள்ளி, காய்ந்த இலைகளோடு சேர்த்து உரத்தொட்டியில் போடுகிறேன். மறுநாள் மூடியைத் திறக்கும்போது மணம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும்.